சாரத்துல தொங்குன ராசா

உக்காருங்கப்பா, உக்காருங்க. அந்த மூலையில என்ன பேச்சு? பின்னால நிக்கிறவரே, நீங்க என்ன தூணா, உக்காருங்க. வாயில வெத்தல இருந்தா நல்லது, பேச்சு வராது.

நாவலூத்துப் பாளையத்துல பூவலிங்க ராசான்னு ஒருத்தர். கொரலு எப்படி இருக்கும்னா, தொண்டையில வெல்லக்கட்டி சிக்குன மாதிரி. எதப் பாத்தாலும் கழுத்தச் சாய்ச்சு, "ம்ம்ம்... இது இப்பிடி இல்லாம அப்பிடி இருந்தா?"ன்னு ஒரு இழுப்பு இழுப்பாரு. பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். அதுக்கு ஒரு மண்டபம் கட்டணும்னு உடையாண்டி கொத்தனாரக் கூப்புட்டாரு.

உடையாண்டி கையில வித்தை உண்டு, வாயில பேச்சு கெடையாது. எடத்துக்குப் போனாரு. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டுனாரு. வெட்டுன மண்ண அதுலயே போட்டு மூடுனாரு. குழி நெறைஞ்சு மண்ணு மீந்துச்சு. தரை கெட்டின்னு அர்த்தம். தலைய ஆட்டுனாரு. அவ்வளவுதான், வேலை ஆரம்பிச்சாச்சு.

மாசியில அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, பங்குனியில கெழக்க பாத்து வாசல் நிலை வச்சாச்சு. ராசா வந்தாரு. "ம்ம்ம்... இது வடக்க பாத்தா?" நிலையப் பேத்தாங்க. தூண் நிறுத்துனா, யானைக் காலு மாதிரி வேணும்னாரு. யானைக் காலு மாதிரி நிறுத்துனா, யானை எளைச்சா நல்லாருக்கும்னாரு. இப்படி ஏழு தடவை. ராசா வந்துட்டுப் போன மறுநாளெல்லாம் கடப்பாரைக்குத்தான் வேலை.

ஆவணி வந்துருச்சு. சுவரு முழங்கால் ஒசரம். ராசாவுக்குக் கோவம்னா கோவம். ஏன் ஏறலன்னு சபையில கேட்டாரு. அரமனை மந்திரி பிரதானிக்கு மண்டப வேலையத் தன் மச்சானுக்கு வாங்கிக் குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எந்திரிச்சு, எவனோ கண்ணு வச்சுட்டான், கொத்தனாரு திருஷ்டி கழிக்கல, குத்தம் அவரு மேலதான்னு பத்த வச்சாரு.

ராசா மீசைய முறுக்குனாரு. "கண்ணு வச்சவன் எவனா இருந்தாலும் சரி. அந்தக் கட்டடத்துச் சாரத்துலயே கட்டித் தொங்க விடுவேன். வேலை முடியுற வரைக்கும் எறங்கக் கூடாது. இது என் வாக்கு. மூணு நாள்ல ஆளு கெடைக்கலையா, கொத்தனாரு ரெண்டு கையும் இருக்காது."

உடையாண்டி தன் கையப் பாத்தாரு.

சபையில சிட்டையன்னு ஒருத்தன் உண்டு. சிரிக்க வைக்கிறதுதான் அவன் உத்தியோகம். அன்னைக்கு அவனே சிரிக்கல. ஆளக் கண்டுபுடிக்கிற வேலைய நான் பாக்குறேன்னு கெளம்பிட்டான்.

மூணாம் நாளு வந்தான். பின்னால ஏழு பேரு, ஏழு தாம்பாளம், மேல துணி.

"மகாராசா, திருஷ்டின்னா கண்ணு வச்சவன் காலடி மண்ண எடுத்து, மொளகாயோட சுத்தி அடுப்புல போடணும்ல. அந்தக் காலடியத் தேடிப் போனேன். வேலை நின்ன ஏழு தடவையும் அதுக்கு முதநாளு ஒருத்தன் ஈரச் சாந்துல மிதிச்சிருக்கான். காஞ்சு கல்லாப் போச்சு. அப்படியே பேத்துக் கொண்டாந்துட்டேன்."

துணிய எடுத்தான். ஏழு தாம்பாளத்துலயும் பாதக்குறட்டுத் தடம், அதான் மரச்செருப்புத் தடம். தடத்துக்கு நடுவுல ஒரு மயிலு.

இப்ப ஒண்ணு சொல்லணும். நடந்த எடமெல்லாம் மயிலு பதியணும்னு ராசா தன் குறட்டுக்கு அடியில மயிலு செதுக்கி வச்சிருந்தாரு. நாட்டுல வேற எவனும் அதப் போடக் கூடாதுன்னு தண்டோரா வேற.

ராசா மெதுவா ஒரு காலத் தூக்கி அடியில பாத்தாரு. அடுத்த காலையும் பாத்தாரு. அதுலயும் மயிலுதான்.

பிரதானி கிட்ட வந்து, வாக்க வாபஸ் வாங்கிக்கலாமேன்னு முணுமுணுத்தாரு. சிட்டையன் விடல. "ராசா வாக்கு வாக்குதான். தொங்கத்தான் வேணும்"னுட்டான். ராசாவுக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம்தான் சொன்னான். "உங்க பழைய அங்கியும் தலப்பாவும் குடுங்க. வைக்கோல் நான் கொண்டாறேன்."

மறுநாளு சாரத்து உச்சியில ராசா தொங்குனாரு. வைக்கோல் ராசா. ஆட்டு மசுருல மீசை. அசல விட மீசை கொஞ்சம் அழகுன்னு அரமனையிலயே பேச்சு. ராசா வெயில்ல காயலாமான்னு சிட்டையன் கேட்டான் பாருங்க, தெனம் ஏறிக் கொடை புடிக்கிற வேலை பிரதானிக்கு வந்துச்சு. சாரத்துல ஏறத் தெரியாத மனுசன். எறங்கவும் தெரியாது.

நாலாம் நாளு நம்ம ராசாவுக்கு இருப்புக் கொள்ளல. கழுத்தச் சாய்ச்சுக்கிட்டே மண்டபத்துக்கு வந்துட்டாரு. வாசல்ல சிட்டையன் குறுக்க நின்னான்.

"யாரு நீங்க?"

"என்னடா, ராசாடா."

"ராசா மேல இருக்காரு. வேலை முடியாம எறங்க மாட்டாரு, வாக்குக் குடுத்துருக்காரு. நீங்க வேற யாரோ."

ராசா அண்ணாந்து பாத்தாரு. பிரதானி கொடையோட கண்ண மூடிக்கிட்டு நடுங்குறாரு. ராசாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே திரும்பிப் போயிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் வரல.

மார்கழிக்குள்ள மண்டபம் முடிஞ்சுது. தையில கல்யாணம். மாப்ள வீட்டுக்காரங்க தூணத் தடவித் தடவிப் பாத்தாங்க. ராசா சிட்டையனுக்குத் தன் மயில் குறட்டையே குடுத்துட்டாரு, அது இனிமே எனக்கு ஆகாதுன்னு. வெட்டச் சொன்ன கொத்தனாரு கை ரெண்டுக்கும் தங்கக் காப்பு போட்டாரு. போட்டுட்டு, கையப் புடிச்சுக்கிட்டே கேட்டாரு.

"ஏன்யா உடையாண்டி, நான் ஏழு மாசம் வந்து வந்து பாத்தும் முழங்கால் ஒசரம்தான் வந்துச்சு. அந்த வைக்கோல் பொம்மை நாலு மாசத்துல முடிச்சிருச்சு. என்னை விட அதுகிட்ட அப்படி என்னய்யா கூட இருந்துச்சு?"

உடையாண்டி அன்னைக்குத்தான் வாயத் தொறந்தாரு.

"கூட ஒண்ணும் இல்ல சாமி. ஒண்ணு கொறச்சல். வாயி."