அணில் எழுதிய விண்ணப்பம்

குளக்கரை நாவல் மரத்தடியில் விலங்குகளின் சட்டக் கல்லூரி இருந்தது. அங்கே ஓர் அணில் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் படித்தது. ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை அவர் அனுமதி இல்லாமல் பிறர் செய்யக் கூடாது என்பதே அந்தச் சட்டம்.

கடைசித் தேர்வுக்கு உண்மையான உரிமை விண்ணப்பம் ஒன்றை எழுத வேண்டும். அணில் தான் குடியிருந்த மாமரத்துக்கு ஓடியது. அதன் தாழ்ந்த கிளையில் தோழி தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, கூடு கட்டி, மூன்று முட்டைகள் இட்டிருந்தது.

"சிட்டு அக்கா! இந்த முடிச்சு புதுசா இருக்கே!"

"சிலந்தி நூல்டா. ரெண்டு சுற்று சுற்றிப் போட்டிருக்கேன். எந்தக் காத்துக்கும் அவிழாது!"

"உங்க பேர்ல உரிமை வாங்கித் தரட்டுமா?"

"எனக்கு எதுக்கு? உன் தேர்வுக்கு உதவும்னா எழுதிக்கோ."

முடிச்சைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கம்கூட வரவில்லை. பெரிதாகக் கேட்டால் நிறைய மதிப்பெண் கிடைக்கும் என்று அணில் நினைத்தது. 'இலையோடு இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் எல்லா முறைகளும் தையல்சிட்டுக்கே உரியவை' என்று எழுதியது.

ஆசிரியர் உடும்பு அதைப் படித்தது. "இதற்கு முன் வேறு யாராவது இலைகளைச் சேர்த்திருக்கிறார்களா? தேடிப் பார்த்தாயா?"

"பார்த்தேன் ஐயா!" என்றது அணில். அது தன் மரத்தின் உச்சிக்குக்கூட ஏறிப் பார்க்கவில்லை.

ஆட்சேபம் கேட்டு மூன்று நாள் குளக்கரையில் அறிவிப்பு தொங்கியது. யாரும் வரவில்லை. உரிமை பதிவானது. அணிலுக்கு முதல் வகுப்பு!

மறுநாள் உரிமையை யாராவது மீறுகிறார்களா என்று பார்க்கக் காவல்காரக் கரிச்சான் மாமரத்தின் உச்சிக்குப் பறந்தது. அங்கே முசுறு எறும்புகள் இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்கள்! இலையோடு இலையைச் சேர்க்க இனி உங்களுக்கு உரிமை இல்லை!"

"நல்லா இருக்கே கதை! இந்த மரம் கன்னா இருந்தப்பவே ஒட்டினவங்க நாங்க!"

"அப்படியானால் அறிவிப்பைப் பார்த்து வந்து சொல்லியிருக்கலாமே?"

"நாங்க எந்தக் காலத்தில் தண்ணிப் பக்கம் வந்தோம்?"

கேட்டுக்கொண்டிருந்த சிட்டு பதறியது. "டேய் அணிலு! நான் முடிச்சைத்தானே சொன்னேன்? போய் மாத்தச் சொல்லு!"

மாற்றச் சொன்னால் தான் தேடாதது தெரிந்துவிடும். முதல் வகுப்பு போய்விடும். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றது அணில். மறுநாளும் அதையே சொன்னது.

முசுறுகள் வரிசையாக இறங்கி வேறு தோப்புக்குப் போய்விட்டன. அதுவரை அந்த மரத்தின் புழுக்களைப் பிடித்துத் தின்றவை அவைதாம். இப்போது புழுக்கள் பெருகின. ஐந்தே நாளில் கிளை கிளையாக இலைகளைத் தின்று தீர்த்தன. சிட்டின் கூட்டையும் விடவில்லை. முடிச்சு அவிழவே இல்லை. ஆனால் அது பிடித்திருந்த இலை போய்விட்டது. கூடு விழுந்தது. மூன்று முட்டைகளும் உடைந்தன.

அணில் அழுதுகொண்டே உடும்பிடம் ஓடியது. "நான் தேடவே இல்லை ஐயா!" உரிமை ரத்தானது, முதல் வகுப்பும் போனது. பிறகு அணில் முசுறுகளிடம் போய்க் கெஞ்சியது. அவை திரும்பி வரவில்லை.

"முடிச்சு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிட்டு பறந்து போனது.

முன்பே செய்தவர்களைத் தேடிப் பாராமல் புதிதாகச் செய்ததற்கு மேல் உரிமை கேட்பவர், பிறருடையதைப் பறிப்பதோடு தம்மைச் சேர்ந்தவர்களுடையதையும் அழித்துவிடுவார்.