இரண்டு பூச்சு சிவப்பு

ஆயுத பூஜைக்குப் பிறகு ஆசிரமத்து டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை. வெளியே கொடுத்து சார்ஜ் போட்டுக் கொண்டுவரும் பேட்டரி மாலைக்குள் இறங்கிவிடும். மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து வண்டியைச் சரிவில் தள்ளுவார்கள்.

நிர்மலர் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர். இங்கே வருமுன் வேறொரு பெயரோடு இருந்தவர்; அப்போது டிராக்டர் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். அவருடைய துணிப்பை சக்கரத்தில் சாய்ந்திருந்தது.

ஆசிரமத்தை நடத்தும் வடிவம்மை வந்தார். நிர்மலரைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அம்மா.

“பை எதுக்கு சாமி?”

“இதைச் சரி பண்ணிட்டுக் கிளம்பலாம்னு இருக்கேன்மா.”

“சரியாகலைன்னா?”

“அப்பவும் கிளம்பணும்.”

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“விடியக்காலையில தியானத்துல உட்கார்ந்தா மனசு நிறையுது. சாயங்காலம் பார்த்தா ஒண்ணுமில்லை. குழம்புல உப்பு கூடினா சமையல்காரர் மேல எரிஞ்சு விழறேன். இத்தனை வருஷம் உட்கார்ந்தும் ஏம்மா எதுவும் தங்க மாட்டேங்குது?”

“உங்க தம்பி வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கார்” என்றார் வடிவம்மை. “நீங்க மௌனத்துல இருக்கிறதாச் சொல்லச் சொன்னீங்களாமே.”

“ஆமா.”

“போன தடவையும் மௌனம்.”

“ஆமா.”

“சமையல்காரருக்கு மட்டும் விதிவிலக்கு.”

நிர்மலர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“ஒர்க்‌ஷாப்பையும் படுக்கையில கிடந்த அப்பாவையும் அவன் தலையில போட்டுட்டு வந்தவன் நான். இப்ப அப்பா இல்லை. அவன் திட்டினாத் தேவலை. திட்ட மாட்டான். எல்லார் முன்னாடியும் தங்கப்பழம் அண்ணேன்னு கூப்பிட்டு, சாப்பிட்டியாம்பான். அந்தத் தங்கப்பழமே வேண்டாம்னுதானே இங்க வந்தேன்.”

வடிவம்மை டிராக்டரைச் சுற்றி வந்தார்.

“இதுக்கு என்ன கோளாறு?”

“நான் கேட்டது வேற.”

“எனக்கு வண்டி தெரியாது. சொல்லுங்க.”

நிர்மலர் பெருமூச்சு விட்டார். “பேட்டரி புதுசு, இன்னிக்குக் காலையிலதான் சார்ஜ் போட்டு வந்துச்சு. டைனமோ கரண்டு உண்டாக்குது, சோதிச்சுட்டேன். அதைப் பேட்டரிக்கு அனுப்புறது இந்தப் பெட்டி. இதுதான் அனுப்ப மாட்டேங்குது. பெட்டியையும் மாத்தினேன். புதுசும் அதே மாதிரி நிக்குது.”

“பெட்டியிலேருந்து வர்ற இந்தக் கறுப்பு ஒயர்?”

“எர்த். வண்டியோட இரும்புல சேரணும். சேரலைன்னா பெட்டி வேலை செய்யாது. நல்லா இறுக்கித்தான் வச்சிருக்கேன்.”

“பூஜைக்கு முன்னாடி ஒழுங்கா ஓடுச்சே?”

“ஓடுச்சு.”

“பூஜைக்கு என்ன செஞ்சீங்க?”

“பெயிண்ட் அடிச்சதுதான். மத்தபடி ஒண்ணும் செய்யலை. எல்லாத்தையும் கழட்டி, ரெண்டு பூச்சு கொடுத்து, காய்ஞ்சதும் திரும்ப…”

அவர் நிறுத்தினார்.

வடிவம்மை கையை நீட்டினார். நிர்மலர் ஸ்பேனரைக் கொடுத்தார். போல்ட் கழன்றது. ஒயர் இருந்த இடம் சிவப்பாகப் பளபளத்தது. பூஜையன்று எல்லோரும் நின்று பார்த்து மெச்சிய சிவப்பு.

வடிவம்மை ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

“மெதுவாம்மா. கோடு விழுந்துடும்.”

அவர் காதில் வாங்கவில்லை. சிவப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் இரும்பு தெரிந்தது.

“மாட்டுங்க.”

நிர்மலர் ஒயரை மாட்டி இறுக்கினார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சார்ஜ் காட்டும் மீட்டரின் முள் முதலில் இடப்பக்கம் சாய்ந்தது. வேகம் கூட்டியதும் நடுவைக் கடந்து வலப்பக்கம் போய் நின்றது; சார்ஜ் ஏறியது.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இஞ்சினை ஓடவிட்டு இறங்கினார்.

“ஒர்க்‌ஷாப்ல வேலைக்குச் சேர்றவனுக்கு முதல் நாளே, பெயிண்ட் மேல எர்த் பிடிக்காதுன்னு சொல்லிக் கொடுப்பேன்” என்றார்.

வடிவம்மை விரல்களில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடியை ஊதிக்கொண்டிருந்தார்.

நிர்மலர் வாசல் பக்கம் பார்த்தார். இங்கிருந்து ஆள் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பும் தூக்குவாளியும் மட்டும் தெரிந்தன. பையைச் சக்கரத்தோரம் விட்டுவிட்டு நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

“மேல பூச்சில்லாம விட்டா அந்த இடம் துருப்பிடிக்குமேம்மா?”

“பிடிக்கும்” என்றார் வடிவம்மை. “மறுபடியும் சுரண்டிக்குங்க, தங்கப்பழம்.”