களிமண் இல்லாத கூடு

ஊருணிக்கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அவற்றில் மினுக்கி என்று ஓர் இளங்குருவி இருந்தது. வாய் ஓயாமல் கேள்வி கேட்கும்.

ஆண்குருவிகள் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துத் துணையை அழைக்கும் காலம் அது.

“அம்மா, அதுங்க ஏன் கூப்பிடுது? போகலாமா, கூடாதா?” என்று மினுக்கி கேட்டது.

தாய்க்குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. “வயசுக்கு மீறின பேச்சு உனக்கெதுக்கு? போய்ப் புழுவைப் பொறுக்கு.”

தாய்க்குத் தெரியாமல் இல்லை. கூட்டின் நார் உறுதியா என்று அலகால் இழுத்துப் பார்க்க வேண்டும். காற்றில் கூடு சுழலாதபடி உள்ளே ஈரக் களிமண் அப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனசுக்குச் சரிப்படாவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்பிவிட வேண்டும். எல்லாம் தாயின் வாய் வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வெட்கம் தடுத்துவிட்டது.

மினுக்கி தன் தோழி சொக்கியிடம் போனது.

“நீ இன்னும் கூடு தேடலையா? நாங்கல்லாம் எப்பவோ தேடியாச்சு!” என்று சொக்கி சிரித்தது.

“போறதுக்கு முன்னாடி எதையாவது பார்க்கணுமாடி?”

“பார்க்க என்ன இருக்கு? தயங்கி நின்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்க.”

அந்தப் பெயருக்குப் பயந்து, முதலில் அழைத்த கூட்டுக்குள் மினுக்கி கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தது. ஆண்குருவி மீதியை அவசரமாகப் பின்னிவிட்டு, வேறு கூடு கட்டப் போய்விட்டது. மினுக்கி மட்டும் தனியாக முட்டைகளை அடைகாத்தது.

ஒரு மாலை பலத்த காற்று அடித்தது. மற்ற கூடுகள் லேசாக ஆடின. மினுக்கியின் கூடு மட்டும் சுழன்று சுழன்று, நார் அறுந்து, முட்டைகளோடு ஊருணியில் விழுந்து மூழ்கியது. மினுக்கி மட்டும் நனைந்த சிறகோடு தப்பி வெளியே வந்து, தண்ணீருக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது.

சொக்கி தலைகுனிந்து சொன்னது: “நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன்டி. எங்கள்ல யாருமே எந்தக் கூட்டுக்கும் போனதில்லை.”

தாய்க்குருவி பறந்து வந்தது. “உள்ளே களிமண் இருக்கான்னு பார்க்கலையா கண்ணு?”

“பார்க்கணும்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

தாய்க்குருவி மகளின் நனைந்த சிறகைக் கோதிக்கொண்டே அழுதது.

பெற்றவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் விவரம் தெரியாத தோழர்களின் பேச்சைக் கேட்டுத் துன்பப்படுவார்கள்.