தணிகாசலம் சாருக்கு டீ வராத மூன்று நாள்

கிண்டியில் ஒரு கம்பெனி. அங்கே தலைமை எஞ்சினியர் தணிகாசலம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டை இயக்கும் 'டிரைவர்' புரோகிராம் அவர் கைப்பட எழுதியது. அதில் வேறு யாரும் குறை சொல்லக் கூடாது. அந்தக் கார்டோ கரண்ட் மிச்சம் பிடிக்கத் தூங்கும். எழுந்த பிறகும் நெட் வராமல் அடம் பிடிக்கும்.

"ஒரு வரிகூடப் புதுசா சேர்க்காம இதைச் சரி பண்ணு, பார்க்கலாம். முடியலைன்னா வெள்ளிக்கிழமையோட கிளம்பிடு," என்றார் காண்ட்ராக்டில் வந்த செண்பகவல்லியிடம்.

மறுநாளே வந்து நின்றாள். "பதினோரு வரியை அழிச்சேன் சார். சரியாயிடுச்சு."

பார்த்தவர் குதித்தார். "கார்டு தூங்குதா முழிச்சிருக்கான்னு நான் குறிச்சு வச்சதையே தூக்கிட்டியா? இனிமே எப்படித் தெரியும்?"

"அது இருக்கட்டும் சார். டீ குடிச்சீங்களா?"

"எங்கே! மூணு நாளா டீக்கார காதர் பாய் இந்த ரூம் பக்கமே வரலை!"

செண்பகவல்லி கதவைத் திறந்து காட்டினாள். வெளியே தொங்கிய பலகையில் 'வெளியே சென்றுள்ளார்' என்று இருந்தது. திங்கட்கிழமை வெளியே போகும்போது அதைத் திருப்பி வைத்த தணிகாசலம், வந்ததும் மாற்ற மறந்திருந்தார்.

"பலகையை எதுக்குப் பார்க்கணும்? கதவைத் தட்டினா நானே சொல்ல மாட்டேனா?"

"கார்டும் அப்படித்தான் சார். கேட்டா அதுவே சொல்லும். நீங்க குறிச்சு வச்சதுதான் பழசையே சொல்லிட்டிருந்துச்சு."

தணிகாசலம் பலகையைக் கழற்றினார். பதினோரு வரிக்கும் ஒப்புதல் கொடுத்தார்.

அந்தப் பக்கம் வந்த காதர் பாய் வாயைப் பிளந்தார். "சார் இங்கதான் இருக்கீங்களா? மூணு நாளா உங்க டீயையும் இந்தப் பொண்ணுல்ல வாங்கிக் குடிச்சுது!"