நானூறு பேர் படிக்கும் பள்ளிக்கூடம்

சரக்... சரக்... சரக்...

கொழுஞ்சிக்கோட்டை அரண்மனையில் கதவு திறக்கும் முன்பே இந்தச் சத்தம் கேட்கும். புதிதாக வேலைக்கு வந்த காவல்காரர்கள் எலி என்று நினைத்துத் தடியைத் தூக்குவார்கள். எலி இல்லை. திவான் கோனேரி ராவ் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சமஸ்தானம் முன்னேறுகிறது என்று அர்த்தம்.

வருஷா வருஷம் வெள்ளைக்கார ஏஜென்ட் துரைக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். சமஸ்தானத்தில் எது எது எவ்வளவு வளர்ந்தது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் முதலில் எண்ணுவார்கள், பிறகு எழுதுவார்கள். கொழுஞ்சிக்கோட்டையில் அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. இங்கே முதலில் வார்த்தையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பொருத்தமான எண்ணைப் பிறகு பார்த்து முடித்துவைப்பார்கள்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். மழை பெய்தால் எட்டு. முதல் வருஷம் திவான் 'இன்கிரீஸ்' என்று போட்டார். ராஜா முத்துவீர சேதிராயர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஓய் இது, தும்மல் மாதிரி இருக்கு?"

அடுத்த வருஷம் 'ஸ்வெல்'. ஸ்வெல் என்று போட்டால் முப்பது பேராவது வேண்டாமா? முப்பது. அதற்கடுத்த வருஷம் 'பர்ஜன்', அதாவது துளிர்த்துப் பெருகுவது. அந்த ஓசை ராஜாவுக்குப் பிடித்துப்போய்ச் சாப்பிடும்போதுகூடச் சொல்லிப் பார்த்தார். தொண்ணூறு. இந்த வருஷம் 'மஷ்ரூம்'. ஒரேயடியாக நானூறு. பிள்ளைகள் என்னவோ அதே பன்னிரண்டு பேர்தான்.

இதையெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அனுப்புகிறவர் ராயசம் ஆவுடைநாயகம். அரண்மனைக் கடிதங்கள் எழுதும் உத்தியோகம். அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சுவாமி, ஆறு பெருகினாலும் ஸ்வெல்தான், அடிபட்ட கன்னம் வீங்கினாலும் ஸ்வெல்தான். மஷ்ரூம் என்றால் காளான். யாரும் விதைக்காமல் முளைக்கும், வெயில் ஏறினால் காணாமல் போகும். இதைப் படித்தால் துரை கிளம்பி வந்துவிடுவார்."

"உமக்குச் சம்பளம் எழுதத்தான். யோசிக்க இல்லை," என்றார் திவான்.

ராயசம் எழுதினார். ஏஜென்ட் ஹக்கின்ஸ் துரையிடமிருந்து பதிலும் வந்தது. நானூறு பிள்ளைகளையும் நேரில் பார்க்க வியாழக்கிழமை காலை வருகிறாராம்.

கடிதத்தைத் தர்பாரில் வாசித்தார்கள்.

"யார் செய்த வேலை இது?" என்று ராஜா கத்தினார்.

திவானுக்குக் கண்கூட இமைக்கவில்லை. "ராயசத்தின் கைப்பிசகு, மகாராஜா. நாற்பது என்றுதான் சொன்னேன். ஒரு சைபர் கூட விழுந்துவிட்டது."

நாற்பதும் பொய்தான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கேளும் ஓய்," என்றார் ராஜா, ராயசத்தின் பக்கம் திரும்பி. "துரை வரும்போது பள்ளிக்கூடம் நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று பொழுது சாய்வதற்குள் நீர் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லை தாண்டியிருக்க வேண்டும்."

ஆவுடைநாயகத்துக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். வண்டியில் வைத்துக் கொண்டுபோகிற நிலையில் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"பள்ளிக்கூடம் நிறைந்தால் போதுமா, மகாராஜா?"

"போதும்."

"அப்படியானால் தங்கள் பெயரால் ஓர் உத்தரவு போட்டுக்கொள்கிறேன்."

உத்தரவு அன்றைக்கே வீடு வீடாகப் போனது: 'கல்வியை வளர்த்த பெருமக்கள் அனைவரும் வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் துரைக்குத் தரிசனம் தர வேண்டியது. பெரிய மனிதர்களுக்கு முன்பெஞ்சு.'

கல்வியை வளர்க்காதவர் என்று தன்னை நினைத்துக்கொள்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? வியாழக்கிழமை ஏசடியான் வாத்தியார் பாதி அறையைக்கூடப் பெருக்கி முடிக்கவில்லை, பட்டும் சரிகையுமாகக் கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது.

"தள்ளி உட்காரும், என் அங்கவஸ்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்!"

"சேனாபதி உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவருக்கு ஏது ஓய் இடம்?"

முன்பெஞ்சின் நடுவில் திவான். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் இடமில்லாமல் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள்.

ராஜாவோடு துரை வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். சுற்றிப் பார்த்தார்.

"எங்கே நானூறு பிள்ளைகள்?"

ஆவுடைநாயகம் முன்னால் வந்து கும்பிட்டார். "சுவரோரம் நிற்பவர்கள் பழைய மாணவர்கள், துரை அவர்களே. பெஞ்சில் இருப்பவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். வேண்டுமானால் பாடம் கேட்டுப் பாருங்கள்."

துரை திவானின் நரைத்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொல். வேகமாக வளர்வதற்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே திவான் நாலு வருஷமாக அகராதி புரட்டினார்! துள்ளி எழுந்தார். "இன்கிரீஸ்! ஸ்வெல்! பர்ஜன்! மஷ்ரூம்! பலூன்!" கடைசி வார்த்தை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்துவைத்திருந்தது. ஆர்வத்தில் வெளியே வந்துவிட்டது. பின்பெஞ்சில் கைதட்டினார்கள்.

"பேஷ்," என்றார் துரை. "இந்த அறையில் எத்தனை மாணவர்கள்? எண்ணிச் சொல்."

திவான் ராஜாவைப் பார்த்தார். ராஜா கூரையைப் பார்த்தார். அங்கே இரண்டு ஓடு இல்லை.

"ம், எண்ணு!" என்றார் துரை.

ஆவுடைநாயகம் கைகட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும், துரை. வார்த்தைப் பாடம் நாலு வருஷமாக நடக்கிறது. எண்ணுகிற பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை."

துரை சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. இனிச் சிரித்தால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் ராஜா அவரைவிடப் பெரிதாகச் சிரித்தார். திவானின் தோளில் கிடந்த சால்வையை உருவி ஆவுடைநாயகத்துக்குப் போர்த்தினார். தன்னுடையதைக் கழற்றும் அளவுக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை போலும். எல்லை தாண்டும் பேச்சு அதோடு போயிற்று.

"எண்ணுகிற பாடத்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாமே," என்றார் துரை, திவானைக் காட்டி.

"உத்தரவு!" என்றார் ராஜா.

வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பதின்மூன்றாவது பெயரை எழுதினார். ஆவுடைநாயகம் மகளுக்குக் கஷாயம் வாங்க நாட்டுமருந்துக் கடைப்பக்கம் நடந்தார். பட்டும் சரிகையும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறின. முன்பெஞ்சில் ஒருவர் மட்டும் மிச்சம்.

மீதி அறை பெருக்காமல் கிடந்தது. வாத்தியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெஞ்சருகே குனிந்தார்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க, சாமி."