நரி செய்யாத குற்றம்

அந்த வருஷம் வெயில் காட்டை வறுத்து எடுத்துவிட்டது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாகத்தில் தவிக்கும் பிராணிகளை ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காப்பாற்ற மூன்று பேர் ஒரு சேவைச் சங்கம் தொடங்கினார்கள். சடையன் என்கிற காட்டுப்பன்றி தோண்டுவான். மெய்யப்பன் என்கிற ஆமை கரையைப் பார்த்துக்கொள்வார். பூவாயி என்கிற அணில்தான் செயலாளர்.

சம்பளமில்லாத வேலை. ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த ஆளுக்கு எங்கே போவது? அந்தப் பயம் பூவாயிக்கு. அதனால் சங்கத்தில் சண்டையே வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

சண்டை வரவும் இல்லை. கூட்டத்தில் எதைக் கேட்டாலும் இருவரும் "சரி, சரி" என்று தலையாட்டுவார்கள். கூட்டம் கலைந்ததும் தனித்தனியாகப் பூவாயியின் மரத்தடிக்கு வந்து கொட்டித் தீர்ப்பார்கள்.

"ஊற்று நாலடியாவது போகணும் தங்கச்சி. சொன்னா அந்த மெய்யப்பன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. அவருகிட்ட யாரு பேசுறது?" என்றான் சடையன்.

"ஆழமாத் தோண்டுறது எனக்குப் பிடிக்கலைம்மா. சொன்னா சடையன் முட்ட வருவான்" என்றார் மெய்யப்பன்.

பூவாயி சிரித்த முகமாக ஆளுக்கொரு பொய் சொன்னாள்.

"கேட்டுட்டேன் அண்ணே. ஐயாவுக்குப் பரிபூரண சம்மதமாம்."

"ஐயா, சடையண்ணன் இனிமே ஆழமாத் தோண்டவே மாட்டாராம்."

இரண்டு பேருக்கும் மனசு குளிர்ந்தது. பூவாயிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் சடையன் நாலடி தோண்டிவிட்டுப் போனான். மத்தியானம் மெய்யப்பன் வந்து பள்ளத்தைப் பார்த்தார். சடையன்தான் தோண்டமாட்டேன் என்று சொல்லிவிட்டானே! இது வேறு எவனோ விஷமியின் வேலை என்று நினைத்து, மணலைத் தள்ளிப் பாதி மூடினார். அடுத்த நாள் காலையில் சடையன் திகைத்து நின்றான்.

"எவன் தங்கச்சி இதை மூடினது?"

"அது வந்து... வெளியூர் நரி ஒண்ணு நடமாடுதுண்ணே" என்றாள் பூவாயி.

மத்தியானம் மெய்யப்பன் கேட்டபோதும் அதே நரிதான். பாவம், அந்தக் காட்டில் நரியே கிடையாது.

இவன் தோண்ட, அவர் மூட, ஒரு வாரம் ஓடியது. கடைசியில் ஊற்றுக்கண் அடைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் ஒரு மான் தன் குட்டியோடு வந்தது. குட்டிக்கு நாக்குத் தொங்கிவிட்டது. மணலை நக்கிப் பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது.

"எழுந்திரு கண்ணு" என்று தாய் மூக்கால் தள்ளிப் பார்த்தது. குட்டி அசையவில்லை.

தாய் மானின் சத்தம் கேட்டுச் சடையனும் பூவாயியும் ஓடிவந்தார்கள். மெய்யப்பனும் தன்னால் முடிந்த மட்டும் ஓடிவந்தார்.

"அந்த நரியை இன்னைக்கு விடுறதில்லை" என்று இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அவர்கள் இத்தனை ஒற்றுமையாக நின்று பூவாயி பார்த்ததே இல்லை. குட்டியைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நரியும் இல்லை, ஒண்ணும் இல்லை. தோண்டினது அண்ணன், மூடினது ஐயா. ரெண்டு பேருகிட்டயும் பொய் சொன்னது நான்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

"ஏன் மூடினீரு?"

"ஆழமாத் தோண்டினா கரை செங்குத்தா நிக்கும்டா. என் கடைசிப் பிள்ளை போன வருஷம் அந்த மாதிரிக் குழியில விழுந்து, ஏற முடியாமலே செத்துச்சு."

சடையன் குழியை எட்டிப் பார்த்தான்.

"இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. மேலாகத் தோண்டினா ரெண்டு நாள்ல வத்திப் போகுது. அதனாலதான் நான் ஆழம் கேட்டேன்."

"நீயும் அதைச் சொல்லலையே."

"ஒரு பக்கம் சரிவா வெட்டட்டுமா? விழுந்தாலும் ஏறி வந்துடலாம்."

"வெட்டு. சரிவுல நான் கல்லு தள்ளி வைக்கிறேன்."

சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோண்டினான். அடியில் தண்ணீர் கசிந்ததும் பூவாயி உள்ளே இறங்கி, வாலை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, குட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பத்துத் தடவை ஓடிய பிறகு குட்டி கண்ணைத் திறந்தது. பிறகு தானே எழுந்து போய்க் குடித்தது.

சாயங்காலம் சடையன் மரத்தடிக்கு வந்தான். "தங்கச்சி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். இந்த மெய்யப்பன் கல்லை வைக்கிற லட்சணம் இருக்கே..."

"வாங்கண்ணே, அவருகிட்டயே போய்ச் சொல்லுவோம்" என்று பூவாயி முன்னால் நடந்தாள்.

பொதுச்சேவைக்குக் கூடுகிறவர்கள் மனத்தாங்கலை முகத்துக்கு நேரே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பூசி மெழுகினால், யாருக்காகக் கூடினார்களோ அவர்கள்தான் தவித்துப் போவார்கள்.