ஒற்றை விண்மீனும் மணல் உருட்டும் நண்டும்

அந்தக் காலத்தில் வானமும் கரையும் பேசிக்கொண்டிருந்தன. சாவு அப்போது யாரையும் அவசரப்படுத்தவில்லை, அதனால் எல்லோரிடமும் நேரம் நிறைய இருந்தது. ஆனாலும் விண்மீன்களோடு பேச ஒருவருக்கும் பொறுமை இல்லை. தூரம் அப்படி. மேலேயிருந்து ஒரு சொல் கிளம்பினால் கரைக்கு வந்து சேர நூறு கோடை ஆகும். இங்கிருந்து "சாப்பிட்டாயா" என்று கேட்டால் பதில் வருவதற்குள் இருநூறு கோடை போய்விடும். மாடு ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு மேயப் போய்விட்டது. காகம் கேட்கவே இல்லை.

பட்டாணி அளவே இருந்த ஒரு நண்டு மட்டும் காத்திருந்தது. அதற்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. பெரிய நண்டுகள் அதன் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு போகும், திரும்பிக்கூடப் பார்க்காது.

வானத்திலும் அப்படி ஒருத்தி இருந்தாள். மற்ற விண்மீன்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து ஊர்க்கதை பேச, அவள் மட்டும் யாருமில்லாத தெற்கு மூலையில் தனியாக எரிந்துகொண்டிருந்தாள். எல்லோரும் அவளை ஒற்றை என்றார்கள். நண்டு அக்கா என்றது.

ஒரு சாயங்காலம் அவள் குரல் கரைக்கு வந்து இறங்கியது.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா!" என்று நண்டு கத்தியது. அந்தப் பதில் எப்போது போய்ச் சேரும் என்று அதற்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிட்டவுடன் ஏன் என்று கேட்பதுதானே மரியாதை.

பதிலுக்குக் காத்திராமல் அவள் பேசிக்கொண்டே போனாள். அவளுக்கும் வேறு வழியில்லை.

"வயிறெல்லாம் கனக்குது தம்பி. எரிக்க இருந்ததையெல்லாம் எரிச்சுட்டேன். கடைசியா இரும்புதான் தங்கியிருக்கு, அது எரிய மாட்டேங்குது. இனி எந்த நாள்ல வெடிப்பேன்னு தெரியல. போறதுக்குப் பயமில்ல. யாரும் பார்க்காமப் போயிடுவேனோன்னுதான் இருக்கு. நீ பார்த்துக்கிட்டு இருடா. உன் ஒருத்தன் கண்ணு போதும் எனக்கு."

நண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கண்ணை எடுக்க மாட்டேன்க்கா," என்றது.

சொன்னபடியே பார்த்தது. பகலில் அவள் தெரியமாட்டாள். அப்போதும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றது. இரைகூடச் சரியாகத் தேடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா ஓடு இறுக வேண்டும்? நண்டுக்கு உடம்பு வளரும், ஓடு வளராது. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புதியது கெட்டிப்படும்வரை வளைக்குள் ஒளிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அது வெறும் சதை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுப் பார்த்தது. கடைசியில் முதுகில் விரிசல் விட்டது. நீண்ட அலகோடு ஓர் உள்ளான் குருவி பக்கத்தில் வந்து நின்றது.

"என்னப்பா, ஓடு கழலுதா?" என்று அக்கறையாக விசாரித்தது. அந்த அக்கறை எதற்கு என்று நண்டுக்குத் தெரியாதா!

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க. ஓடு மாத்திட்டு ஓடி வந்துடறேன்," என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு, வளைக்குள் இறங்கி வாசலை மணலால் அடைத்துக்கொண்டது.

அது உள்ளே இருந்த ஏழு நாளில்தான் ஒற்றை வெடித்தாள். பட்டப்பகலில், சூரியன் இருக்கும்போதே, தெற்கு மூலை பளிச்சென்று எரிந்தது. மாடு மேய்ச்சலை விட்டு நிமிர்ந்தது. காகம் கத்த மறந்தது. மீன்கள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டின. அவளை அதுவரை ஏறெடுத்தும் பாராதவர்களெல்லாம் ஏழு நாளும் வாய் பிளந்து பார்த்தார்கள். பார்க்கிறேன் என்று சொன்ன ஒருவன் மட்டும் மணலுக்கடியில் கிடந்தான்.

எட்டாம் நாள் நண்டு வெளியே வந்தபோது அந்த மூலையில் வெறும் புகைத் திட்டு இருந்தது.

"எங்கடா போயிருந்தே?" என்று மாடு கேட்டது. "எங்கடா போயிருந்தே?" என்று காகம் கேட்டது. மீன்களும் கேட்டன.

புது ஓடு கெட்டிப்பட்டுவிட்டதால் உள்ளானுக்கு இனி ஆசை இல்லை, இரக்கம்தான் வந்தது. "அழாதே. யோசிச்சுப் பாரு. அந்த வெளிச்சம் கிளம்பி நூறு கோடை ஆச்சு. நீ பொறுத்துக்கன்னு கத்துனப்பவே அவ இல்ல. இருக்கேன்க்கான்னு சொன்னியே, அப்பவும் இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னது. நண்டு அழுகையை நிறுத்தியது.

"அப்போ நான் யாரோட பேசிக்கிட்டு இருந்தேன்?"

உள்ளான் அலகால் மணலைக் கிளறியது.

"அவ சாம்பலாவது இங்க வருமா?"

"வரும். ஆனா வெளிச்சத்துக்கே நூறு கோடைன்னா சாம்பல் எப்ப வரும்னு யாரு கண்டா. வந்தாலும் கடல்லதான் விழும்," என்று சொல்லிவிட்டு உள்ளான் பறந்துபோனது.

நண்டு தனியாக அந்தப் புகையைப் பார்த்தது. அதில் இழை இழையாக ஏதோ எல்லாப் பக்கமும் நீண்டிருந்தது. ஓர் இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனது. இன்னொன்றைப் பிடித்துப் போனது. எல்லாம் ஒரே வெற்றிடத்தில் போய் முடிந்தன. அங்கேதான் அக்கா நின்றிருக்கிறாள். அந்த இடம் மறந்துபோகக் கூடாதே என்று நண்டு அதை மணலில் வரையத் தொடங்கியது.

வெடித்த விண்மீனின் மிச்சத்தை ஆராய்கிறவர்கள் இன்று தொலைநோக்கி வைத்துக்கொண்டு செய்வதும் இதுதான். சிதறியதைப் பின்தொடர்ந்து போய், அவள் எங்கே நின்றாள், எப்போது போனாள், வயிற்றில் என்ன இருந்தது என்று தேடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, நண்டுக்கு இல்லை.

ஒவ்வொரு முறை கடல் வடியும்போதும், அலை கொண்டுவந்ததில் அவள் சாம்பல் ஒரு துளி இருக்குமா என்று நண்டு மணலை வாயில் போட்டுச் சலிக்கும். அவளில்லாத மணலை உருட்டி, தான் வரைந்த இழைகளின் மேலேயே வரிசையாக வைக்கும். அடுத்த அலை எல்லாவற்றையும் அழித்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இதுவரை ஒரு துளியும் கிடைக்கவில்லை.

அன்று முதல்தான் அந்தச் சின்ன நண்டு தன் வளையைச் சுற்றி மணல் உருண்டைகளைக் கதிர் கதிராக அடுக்குகிறது. நம் காலடி கேட்டதும், எங்கே போயிருந்தாய் என்று நாமும் கேட்டுவிடுவோமோ என்று பயந்து உள்ளே ஓடிவிடுகிறது.